காவிரிப் படுகையில் விளையாட்டுக் கணினி: உதிரிப்பாகங்களின் வரலாறு

குறைந்த செலவில் இணைய விளையாட்டுக்கான கணினியை அமைப்பது என்பது, தமிழ்நாட்டின் சிற்றூர்களில் பெரும்பாலும் உதிரிப்பாகங்களைத் தனித்தனியாக வாங்கி ஒன்றாகப் பூட்டுவதையே குறிக்கும். பேச்சு வழக்கில் இதை 'அசெம்பிள் பண்ணுவது' என்பர். மயிலாடுதுறைக்கும் கும்பகோணத்துக்கும் இடையில், காவிரியின் தென்கரையில் உள்ள குத்தாலம் போன்ற ஊர்களுக்குக் கணினி வந்து சேர்ந்த வரலாறு, இந்தப் பாகங்களின் வரலாற்றோடு பிணைந்தது. ஏழைகளுக்கென்றே ஒரு மலிவுக் கணினியை உருவாக்கும் முயற்சிகள் பல நடந்தன. ஆனால் விலையைக் குறைத்ததில் பெரும் பங்கு, கணினி பிரித்துப் பூட்டக்கூடிய பொருளாக இருந்ததற்கே உரியது.

தோற்றம்

1981 ஆகஸ்ட் 12 அன்று ஐபிஎம் நிறுவனம் தனது தனிநபர் கணினியை அறிமுகப்படுத்தியது. விரைவாகச் சந்தைக்குக் கொண்டுவருவதற்காக இன்டெல் 8088 செயலி உள்ளிட்ட, வெளிச்சந்தையில் கிடைத்த பாகங்களைக் கொண்டே அது அமைக்கப்பட்டது. ஐபிஎம் தனக்கென வைத்திருந்த முக்கியப் பகுதி 'பயாஸ்' என்னும் அடிப்படை நிரல் மட்டுமே. காம்பேக், ஃபீனிக்ஸ் ஆகிய நிறுவனங்கள் அதைப் பார்த்து எழுதாமல், அதே வேலையைச் செய்யும் நிரலைப் புதிதாக உருவாக்கின. அதன்பின் எவரும் ஐபிஎம் ஒத்தியல்புக் கணினியைச் செய்ய முடிந்தது.

இந்தியாவில் 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு வெளியிட்ட புதிய கணினிக் கொள்கை, கணினிகளையும் பாகங்களையும் இறக்குமதி செய்வதை எளிதாக்கியது. உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப உடன்பாட்டில் இந்தியா 1997-இல் சேர்ந்தது. அதன்படி கணினி, நினைவகம், செயலி போன்றவற்றின் சுங்க வரி படிப்படியாகக் குறைந்து 2005-இல் நீங்கியது. சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு இக்காலத்தில் தமிழ்நாட்டின் முதன்மையான கணினிப் பாகச் சந்தையாக வளர்ந்தது.

காவிரிப் படுகையில் பலருக்குப் பணம் மாதச் சம்பளமாக வருவதில்லை. குறுவை, சம்பா அறுவடைகளை ஒட்டி வருகிறது. முழுக் கணினியையும் ஒரே நேரத்தில் வாங்காமல், இந்தப் பருவத்தில் தாய்ப்பலகையும் செயலியும், அடுத்த பருவத்தில் கூடுதல் நினைவகம் என வாங்கும் முறை இத்தகைய வருவாய்க்குப் பொருந்தியது.

பிரவுசிங் சென்டர்கள்

1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் நிறுவனம் இந்தியப் பொதுமக்களுக்கு இணைய இணைப்பை வழங்கத் தொடங்கியது. 1998 இறுதியில் தனியாருக்கும் அனுமதி கிடைத்தது. வீட்டில் கணினி வாங்க இயலாதவர்களுக்கு, மணிக்கணக்கில் வாடகை பெறும் பிரவுசிங் சென்டரே முதல் கணினியாக அமைந்தது.

இங்கு விளையாட்டு பரவியதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் உண்டு. 1999-இல் 'ஆஃப்-லைஃப்' விளையாட்டின் மாற்றுவடிவமாகத் தோன்றி 2000-இல் தனியாக வெளிவந்த 'கவுன்டர்-ஸ்ட்ரைக்', ஒரே அறையில் உள்ள கணினிகளைக் கம்பியால் இணைத்தாலே பலர் சேர்ந்து ஆடக்கூடியது. அதற்கு இணையம் தேவையில்லை. இணைப்பு மெதுவாக இருந்த ஊர்களிலும் கூடி விளையாட இது வழிசெய்தது. அதன் குறைவான வன்பொருள் தேவையால் பழைய பாகங்களும் பயன்பட்டன. 2011 ஏப்ரலில் வந்த இணைய மையங்களுக்கான விதிகள், பயனரின் அடையாளத்தைச் சரிபார்ப்பதையும் பதிவேடுகளை ஓராண்டு வைத்திருப்பதையும் கட்டாயமாக்கின. திறன்பேசிகளின் பரவலோடு இந்த மையங்களின் காலம் தேய்ந்தது.

அரசு வழங்கிய கணினிகள்

மலிவுக் கணினியை ஒரே பொருளாக உருவாக்கும் முயற்சிகளில் இரண்டு குறிப்பிடத்தக்கவை. பெங்களூருவில் உருவான 'சிம்ப்யூட்டர்' 2004-இல் விற்பனைக்கு வந்தது. மத்திய அரசின் 'ஆகாஷ்' கைக்கணினி 2011 அக்டோபரில் வெளியிடப்பட்டது. இரண்டும் பரவவில்லை. ஆகாஷின் முதல் வடிவத்தில் 366 மெகாஹெர்ட்சு செயலியும் 256 மெகாபைட் நினைவகமும் இருந்தன. வேகம் போதவில்லை என்றாலும் பயனர் அவற்றை மாற்றிக்கொள்ள வழியில்லை.

தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் வேறு வழியில் சென்றது. புதிய கருவி எதையும் வடிவமைக்காமல், சந்தையில் உள்ள மடிக்கணினிகளை எல்காட் நிறுவனம் மொத்தமாகக் கொள்முதல் செய்தது. அரசு, அரசு உதவிபெறும் கல்வி நிலையங்களின் மாணவர்களுக்கு அடுத்த பத்தாண்டுகளில் 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. பாடத்துக்காக வந்த இவற்றில் தனி வரைகலை அட்டை இல்லை. எனினும் எளிய விளையாட்டுகளுக்கு அவை போதுமானவையாக இருந்தன. சிற்றூர்களின் பல வீடுகளில் நுழைந்த முதல் கணினி இதுவே.

தூரமும் தாமதமும்

இணைய விளையாட்டுக்குத் தரவின் அளவைவிடத் தாமதமே முக்கியம். விசையை அழுத்திய செய்தி வழங்கியை அடைந்து பதில் திரும்பும் நேரத்தை விளையாடுவோர் 'பிங்' என்பர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டர் செல்லும். 2002-இல் சென்னையையும் சிங்கப்பூரையும் இணைத்த 'ஐ2ஐ' கடலடிக் கம்பியின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். போகவர ஒளிக்கு மட்டும் குறைந்தது 32 மில்லிநொடி ஆகும். இடையிலுள்ள கருவிகள் மேலும் நேரம் எடுக்கும். எனவே எவ்வளவு விலையுயர்ந்த கணினி வாங்கினாலும் இந்தத் தாமதத்தைக் குறைக்க முடியாது. வழங்கி அருகில் வருவதே தீர்வு. 2020-இல் வெளியான 'வேலரண்ட்' மும்பையில் வழங்கிகளை வைத்தது. அவ்விளையாட்டு இலவசமானது, எளிய வன்பொருளிலும் இயங்குவது.

வரைகலை அட்டை இல்லாத கணினி

விளையாட்டுக் கணினியில் பெரும்பாலும் அதிக விலையுள்ள பாகம் வரைகலை அட்டை. 2018 பிப்ரவரியில் ஏஎம்டி நிறுவனம் 99 டாலர் விலையில் வெளியிட்ட 'ரைசன் 3 2200ஜி' செயலி, பல இணைய விளையாட்டுகளுக்குப் போதுமான வரைகலைத் திறனைத் தன்னுள்ளேயே கொண்டிருந்தது. இத்தகைய செயலிக்குத் தனி வரைகலை நினைவகம் கிடையாது; கணினியின் பொது நினைவகத்தையே அது பகிர்ந்துகொள்கிறது. ஆகவே 8 ஜிபி நினைவகத்தை ஒரே அட்டையாகப் பொருத்துவதைவிட, 4 ஜிபி அட்டைகள் இரண்டாகப் பொருத்தினால் தரவு செல்லும் பாதை இரட்டிப்பாகி விளையாட்டு சீராக ஓடும். அதிகச் செலவின்றிக் கிடைக்கும் இந்த ஆதாயம் பாகங்களைத் தானே தேர்ந்தெடுப்பவருக்கு உரியது.

2020 முதல் 2022 வரை சில்லுப் பற்றாக்குறையாலும் மறையீட்டு நாணய அகழ்வாலும் வரைகலை அட்டைகளின் விலை ஏறியது. 2022 செப்டம்பரில் எத்திரியம் நாணயம் அகழ்வு முறையைக் கைவிட்டபின் அந்த அழுத்தம் தணிந்தது. அட்டையின்றித் தொடங்கி, விலை இறங்கியபின் சேர்த்துக்கொள்ளும் வாய்ப்பு உதிரிப்பாகக் கணினியில் மட்டுமே எளிது. 2017-இல் வாங்கிய 'ஏஎம்4' தாய்ப்பலகைகள் பலவற்றில், பயாஸ் நிரலைப் புதுப்பித்து 2022-இல் வந்த செயலிகளைப் பொருத்த முடிந்தது.

மின்சாரம்

2008-க்குப் பின் சில ஆண்டுகள் தமிழ்நாட்டில் கடும் மின்வெட்டு நிலவியது. 2012-இல் சென்னைக்கு வெளியே அது பல மணி நேரம் நீடித்தது. இதனால் சிற்றூர்களில் யுபிஎஸ் கணினியின் துணைக்கருவியாக இல்லாமல் அதன் ஒரு பாகமாகவே கருதப்பட்டது. செலவைக் குறைக்கையில் கைவைக்கக் கூடாத பாகம் மின்வழங்கி (எஸ்எம்பிஎஸ்). தரம் குறைந்த மின்வழங்கி பழுதாகும்போது தாய்ப்பலகையையும் வட்டையும் சேர்த்தே கெடுக்கக்கூடும். நல்ல மண்ணிணைப்பும் (எர்த்) இன்றியமையாதது.

இன்றைய நிலை

2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கியபின் கைப்பேசித் தரவின் விலை சரிந்தது. 2018-இல் வெளிவந்த 'பப்ஜி மொபைல்' திறன்பேசியையே பலரின் விளையாட்டுக் கருவியாக்கியது. 2020 செப்டம்பர் 2 அன்று அது இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. தமிழ்நாடு அரசின் 2025-26 நிதிநிலை அறிக்கை, 20 இலட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினி அல்லது கைக்கணினி வழங்கப்படும் என அறிவித்தது.

திறன்பேசியும் இன்றைய மெல்லிய மடிக்கணினிகள் பலவும் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்ட, மூடிய கருவிகள். அவை பழையவையானால் முழுவதையும் மாற்ற வேண்டும். உதிரிப்பாகக் கணினியில் பழுதான ஒன்றை மட்டும் மாற்றலாம். கழற்றியதை இன்னொருவருக்கு விற்கலாம். விளையாட்டுக்காகத் திருப்புளியை எடுத்த மாணவர் கணினி எப்படி இயங்குகிறது என்பதையும் கற்றுக்கொள்கிறார். வருவாய் குறைந்த ஊர்களில் கணினி பரவ உதவியது இந்தத் திறந்த அமைப்பு. அது சுருங்கினால் விளையாட்டோடு இந்தப் பயிற்சியும் எட்டாமல் போகும்.