மார்க்கச்சு: உடை உரிமையும் தாயின் உடல் அளவும்

மார்பில் கட்டும் துணியைக் 'கச்சு' என்பது பழந்தமிழ் வழக்கு. ஆனால் மார்பை மறைக்கும் உரிமை எல்லாப் பெண்களுக்கும் இருக்கவில்லை. தெற்குத் திருவிதாங்கூரில், அதாவது இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதியில், நாடார் பெண்கள் மேலாடை அணியத் தடை இருந்தது. அதை எதிர்த்துத் தோள்சீலைப் போராட்டம் நடந்தது. 1859 ஜூலை 26 அன்று மன்னர் உத்திரம் திருநாள் மேலாடைக்கு அனுமதி அளித்தார். உயர்சாதிப் பெண்களைப் போல அணியக்கூடாது என்ற நிபந்தனையும் விதித்தார். உடையைச் சாதியே தீர்மானித்த காலம் அது.

தற்கால மார்க்கச்சுக்கு 1914இல் அமெரிக்காவில் மேரி பெல்ப்ஸ் ஜேக்கப் காப்புரிமை பெற்றார். 1930களில் ஏ, பி, சி, டி என்னும் கிண்ண அளவுகள் புழக்கத்துக்கு வந்தன. மார்பின் கீழ்ச்சுற்றளவும் மார்பின் பருமனும் வெவ்வேறு என்பதை இவை ஏற்றுக்கொண்டன.

தாயாகும் பெண்ணுக்கு இந்த வேறுபாடு முக்கியமானது. கருவுற்ற முதல் மாதங்களிலேயே மார்பு பருக்கும்; மகப்பேறு முடிந்து சில நாட்களில் பால் சுரப்பு மிகும்போது மேலும் பெரிதாகும். ஆகவே பழைய அளவை நம்பாமல் மீண்டும் அளந்து வாங்க வேண்டும். கீழ்ப்பட்டைக்குள் இரு விரல்கள் நுழைய வேண்டும். இறுக்கமான கச்சு பால் நாளங்களை அழுத்திப் பால்கட்டை உண்டாக்கலாம். பாலூட்டும் தாய்க்குக் கிண்ணம் தனியே திறக்கும் பருத்திக் கச்சு வசதியானது. இன்று அளவைத் தீர்மானிக்க வேண்டியது அவள் உடலே.