கோடீஸ்வரன் வழக்கு: விடை கிடைக்காத கேள்வி

1954இல் கறுப்பினச் சட்டத்தரணி தேர்குட் மார்ஷல் வாதாடிய வழக்கில், பாடசாலைகளில் இனப் பிரிவினை அரசியலமைப்புக்கு முரணானது என அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு நெருக்கமான கேள்வியொன்று கொழும்பிலும் எழுந்தது.

சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்ற மறுத்ததால் சம்பள உயர்வை இழந்த தமிழ் எழுதுவினைஞர் கோடீஸ்வரன் வழக்குத் தொடுத்தார். தனிச் சிங்களச் சட்டம், சிறுபான்மையினருக்குக் காப்பாக இருந்த சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவை மீறுகிறது என்பதே வாதம். 1964இல் மாவட்ட நீதிமன்றம் அதை ஏற்றது. அரச ஊழியர் சம்பளத்துக்காக வழக்காட முடியாது எனக் கூறி, 1967இல் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. வழக்காடலாம் என்ற இலண்டன் பிரிவிக் கவுன்சில், 1969இல் 29ஆம் பிரிவு பற்றிய கேள்வியை இலங்கைக்கே திருப்பி அனுப்பியது. விடை கிடைக்குமுன்னரே 1972இன் புதிய யாப்பு வந்தது. அதில் அந்தக் காப்பு இல்லை.

1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டம், பொலிஸாரிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தையும் சாட்சியமாக்கியது. அச்சட்டத்தில் கைதான இளைஞர்களுக்காக வாதாடிய குமார் பொன்னம்பலம், 2000 ஜனவரி 5 அன்று வெள்ளவத்தையில் சுட்டுக்கொல்லப்பட்டார்.