ஊர்க்கணக்கில் அடிபட்ட பெயர்கள்

தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றின் பழைய மக்கள்தொகைக் கணக்கைப் பார்த்தால் நமக்கு ஓர் ஐயம் எழும். பெண்கள் எண்ணிக்கை மிகுதியாய் இருக்கும், ஆண்கள் எங்கே?

1881 முதல் 1931 வரை இந்தியாவில் குடிக்கணக்கு ஒரே இரவில் எடுக்கப்பட்டது. நிலவு வெளிச்சம் உள்ள நாளாகப் பார்த்துத் தேதி வைத்தார்கள். முன்பே வீடுகளுக்கு எண் போட்டுப் பெயர்களை எழுதிவிடுவார்கள். குறித்த இரவில் வீடு வீடாகச் சென்று, ஊரில் இல்லாதவர் பெயரை அடித்துவிடுவார்கள். புதிதாக வந்திருப்பவர் பெயரைச் சேர்ப்பார்கள்.

1901 மார்ச் 1 இரவுக் கணக்குப்படி, இன்றைய தமிழ்நாட்டுப் பகுதியில் 1,000 ஆண்களுக்கு 1,044 பெண்கள். இந்தியா முழுவதற்கும் 972 பெண்களே. இந்த வேறுபாட்டுக்கு ஒரு முக்கியக் காரணம், ஆண்கள் இலங்கைக்கும் பர்மாவுக்கும் நம் மலாயாவுக்கும் போய்விட்டதுதான். நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர் பினாங்கில் இறங்கினார். அங்கே அடிபட்ட பெயர் இங்கே தோட்டக் கணக்கில் ஏறியது. 1931இல்கூட மலாயாவில் 1,000 இந்திய ஆண்களுக்கு 500 இந்தியப் பெண்கள் இல்லை.

உங்கள் வீட்டுப் பெட்டியில் பாட்டனாரின் பழைய கப்பல் சீட்டு இருந்தால், அதிலுள்ள ஆண்டைப் பாருங்கள். எந்தக் கணக்கில் அவர் பெயர் ஊரிலிருந்து விடுபட்டது என்பது தெரிந்துவிடும்.