மகஜரிலிருந்து மானியம் வரை: பட்டியல் சாதி மாணவர் கல்வி உதவியின் வரலாறு (1882–2021)

சாதியின் பெயரால் பன்னெடுங்காலம் எழுத்தறிவினின்றும் விலக்கி வைக்கப்பட்ட குடும்பங்களிலிருந்து வரும் மாணவர், அரசாங்கத்தின் பொருளுதவியைக் கொண்டு கல்லூரியிற் பயின்று பட்டம் பெறுவது இன்று யாவரும் அறிந்த சாதாரண நிகழ்ச்சியாகிவிட்டது. ஆயினும் அவ்வுதவி ஆட்சியாளரின் தயாளத்தால் தானே சுரந்து வந்ததன்று; கமிஷன்களின் முன் வைக்கப்பட்ட மகஜர்களாலும், சட்டசபைகளில் மானியக் கோரிக்கைகளின்மீது நிகழ்ந்த வாதங்களாலும், அரசியல் ஒப்பந்தங்களில் சேர்க்கப்பட்ட ஷரத்துக்களாலும் படிப்படியாகப் பெறப்பட்டது. உதவி யாருக்கு, எதற்கு, யாருடைய கணக்கிலிருந்து என்னும் மூன்று வினாக்கள் இவ்வரலாறு முழுவதிலும் தொடர்ந்து வருகின்றன. முதலிரண்டும் சபைகளில் வெளிப்படையாக வாதிக்கப்பட்டு வெல்லப்பட்டன. மூன்றாவது வினாவோ நிர்வாக விதியொன்றினால் தீர்க்கப்பட்டது. முன்னிரண்டிலும் பெற்றவற்றிற் பெரும்பகுதி அவ்விதியின் வழியாகவே கசிந்தது என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. யாருக்கு? — பூலேயின் வாதம்

1882-இல் வில்லியம் ஹன்டரின் தலைமையில் அமைந்த கல்விக் கமிஷனிடம், புனே நகரைச் சேர்ந்த ஜோதிராவ் பூலே எழுத்து மூலமாக ஓர் அறிக்கை அளித்தார். அரசாங்கத்தின் வருவாயிற் பெரும்பகுதி உழுது பிழைக்கும் மக்களின் உழைப்பிலிருந்து வருகின்றது. அவ்வருவாயோ மேல்வகுப்பாரின் உயர்கல்விக்கே தாராளமாகச் செலவாகின்றது என்பது அவ்வறிக்கையின் அடிப்படை. அதில் உபகாரச் சம்பளத்தைப் பற்றி அவர் கூறியது நம் ஆய்வுக்கு மிகவும் முக்கியமானது. போட்டியின் மூலம் தேர்ந்தெடுத்து உபகாரச் சம்பளம் வழங்கும் முறை தத்துவ அளவில் நியாயமாகவே தோன்றினும், கல்வி பரவாத வகுப்பாரிடையே கல்வியைப் பரப்புவதற்கு அது உதவாது. ஆதலால் ஒரு பகுதியை அத்தகைய வகுப்பாருக்கென்றே ஒதுக்க வேண்டும் என்பது அவர் கருத்து. சமமல்லாத நிலையில் நிற்போரிடையே சமமான போட்டியை நடத்துவது ஏற்றத்தாழ்வை நிலைபெறுத்துமேயன்றி நீக்காது என்னும் உண்மை, பின்னாளைய வாதங்களுக்கெல்லாம் அடித்தளமாயிற்று.

2. எதற்கு? — மாகாணச் சட்டசபைகளின் காலம்

1919-ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டத்தால் இரட்டையாட்சி முறை ஏற்பட்டு, மாகாணங்களிற் கல்வித் துறை சட்டசபைக்குப் பொறுப்பான மந்திரிகளின் கைக்கு மாறியது. அதன் பயனாக, அதுவரை அதிகாரிகளிடம் விண்ணப்பமாக மட்டும் செல்லக்கூடியதாயிருந்த குறை, சபையில் மானியக் கோரிக்கையின்மீது எழுப்பும் வாதமாகவும் உருப்பெற வழி பிறந்தது. சென்னைச் சட்டசபையில் எம்.சி. ராஜாவும் இரட்டைமலை சீனிவாசனும் நியமன உறுப்பினராக அமர்ந்து தாழ்த்தப்பட்டோரின் குரலாயினர். அம்மாகாணத்தில் தொழிலாளர் துறை என்னும் இலாகாவே அவ்வகுப்பாருக்கான பள்ளிகளையும் விடுதிகளையும் உபகாரச் சம்பளங்களையும் நிர்வகித்து வந்தது.

பம்பாய்ச் சட்டசபையில் 1927-இல் நியமன உறுப்பினரான டாக்டர் அம்பேத்கர், அவ்வாண்டு மார்ச்சு மாதக் கல்வி மானிய விவாதத்தில், மதுவரியாக மக்களிடமிருந்து பெறும் தொகைக்கு ஈடான தொகையையேனும் அம்மக்களின் கல்விக்குச் செலவிட வேண்டுமென வாதித்தார். கணக்கைக் கொண்டே கணக்கைக் கேட்கும் இம்முறை அவருடைய தனிப் பாணி. சிறு உபகாரச் சம்பளம் வறிய வீட்டின் அன்றாடச் செலவில் கரைந்துபோகின்றது, மாணவனுக்குத் தங்க இடமும் உண்ண உணவும் தரும் விடுதியே அவனைப் படிப்பில் நிலைநிறுத்தும் என்றும் அவர் எடுத்துக்காட்டினார். கட்டணம் மட்டுமே கல்விச் செலவு அன்று என்னும் இக்கருத்தே பின்னாளில் பராமரிப்புப் படி என்ற இனம் உதவித் திட்டத்தில் இடம்பெறுவதற்கு அடிப்படையாயிற்று எனலாம்.

அவர் இதனை ஏட்டறிவால் மட்டும் உரைத்தவரல்லர். 1913-இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் மாதம் பதினொன்றரைப் பவுன் வீதம் அளித்த உபகாரச் சம்பளத்தைக் கொண்டே அவர் நியூயார்க் நகரத்துக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற் பயின்றார். படிப்பு முடிந்தபின் பத்தாண்டுக் காலம் பரோடா சமஸ்தானத்தில் ஊழியம் செய்வதாக ஒப்பந்தமும் எழுதிக் கொடுத்திருந்தார். ஒரு மன்னரின் நல்லெண்ணத்தால் ஒரு மாணவன் உயரலாம். ஒரு சமூகம் முழுவதும் உயர வேண்டுமாயின் அதற்குப் பொதுக் கருவூலமே வழி என்பது அவ்வனுபவம் உணர்த்தும் பாடமாகும்.

1932-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் நாள் கையெழுத்தான பூனா ஒப்பந்தம், தொகுதி ஒதுக்கீட்டிற்காகவே பெரிதும் நினைக்கப்படுகின்றது. அதன் இறுதி ஷரத்தோ, ஒவ்வொரு மாகாணத்திலும் கல்வி மானியத்திலிருந்து போதிய தொகையைத் தாழ்த்தப்பட்டோரின் கல்வி வசதிக்கென ஒதுக்கி வைக்க வேண்டுமென விதிக்கின்றது. அம்பேத்கரோடு சென்னை மாகாணத்து எம்.சி. ராஜாவும் இரட்டைமலை சீனிவாசனும் அதிற் கையெழுத்திட்டவர்கள். கல்விக்கான நிதி, அரசியல் உடன்படிக்கை ஒன்றின் அங்கமாக ஏறியது பெரியதொரு முன்னேற்றமே. ஆயினும் ‘போதிய தொகை’ எவ்வளவு என்பதை அந்த ஷரத்து வரையறுக்கவில்லை.

3. 1942-ஆம் ஆண்டு மகஜர்

வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினராக 1942 ஜூலையில் அமர்ந்த அம்பேத்கர், அவ்வாண்டு அக்டோபர் 29-ஆம் நாள், பட்டியல் சாதியினரின் குறைகளைத் தொகுத்து வைசிராய் லின்லித்கோ பிரபுவுக்கு ஒரு நீண்ட மகஜர் அளித்தார். கலையும் சட்டமும் பயில்வதால் மட்டும் பட்டியல் சாதியினர் முன்னேறிவிட மாட்டார்கள். அவர்களுக்கு வேண்டுவது விஞ்ஞானத்திலும் தொழில்நுட்பத்திலும் உயர்கல்வி. அக்கல்வியின் செலவோ அவர்கள் சக்திக்கு அப்பாற்பட்டது. அதனாலேயே பலரும் கலைப் படிப்பையும் சட்டப் படிப்பையும் நாடுகின்றனர் என்று அதில் அவர் காரண காரிய முறையில் விளக்கினார். பின்னர், மத்திய அரசாங்கம் காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்கும் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்துக்கும் ஆண்டுதோறும் மும்மூன்று லட்சம் ரூபாய் வழங்கி வருவதைச் சுட்டிக்காட்டி, அதே அளவான தொகையைப் பட்டியல் சாதி மாணவருக்கும் கோரினார்: இந்தியாவிற் பயில்வோருக்கு 2 லட்சம், வெளிநாட்டிற் பயில்வோருக்கு 1 லட்சம்.

இம்மகஜரின் வலிமை அதன் ஒப்பீட்டிலேயே உள்ளது. இரக்கத்தை வேண்டாது, பிறருக்கு ஏற்கெனவே வழங்கிவரும் தொகையை அளவுகோலாகக் கொண்டு, அதே அளவை எமக்கும் தருக என்று கேட்டமையால், மறுப்பவரே காரணம் காட்ட வேண்டிய நிலை ஏற்பட்டது. 1944-இல் மத்திய அரசாங்கம் ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் ஒதுக்கிப் பட்டியல் சாதி மாணவருக்கான உபகாரச் சம்பளத் திட்டத்தைத் தொடங்கிற்று. இன்று ‘போஸ்ட் மெட்ரிக்’ (பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய) உதவித்தொகை என வழங்குவதன் தோற்றுவாய் இதுவே. 1948–49-இல் பழங்குடி மாணவருக்கும், அதற்கடுத்த ஆண்டிற் பிற பிற்பட்ட வகுப்பாருக்கும் இவ்வுதவி விரிவடைந்தது.

4. யார் கணக்கில்? — குடியரசும் பொறுப்புத் தொகையும்

1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சாசனத்தின் 46-ஆம் பிரிவு, பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோரின் கல்வி நலனைத் தனிக் கவனத்தோடு பேண வேண்டுமென அரசுக்குக் கட்டளையிடுகின்றது. எனினும் அது வழிகாட்டு நெறிகளுள் ஒன்றாதலின், நீதிமன்றத்தின் மூலம் நிறைவேற்றிக்கொள்ள இயலாதது. உதவித்தொகைக்கென்று தனிச் சட்டமும் இயற்றப்படவில்லை. ஆகவே, 1942-ஆம் ஆண்டு மகஜர் பெற்றுத் தந்த உதவி சுதந்திர இந்தியாவிலும் நிர்வாகத் திட்டமாகவே நீடித்தது. அதன் தொகை, வருமான வரம்பு, பங்கீடு யாவும் அவ்வப்போது வெளியாகும் வழிகாட்டு நெறிகளால் மாறத்தக்கனவாயின.

அந்நெறிகளுள் மிகுந்த விளைவை உண்டாக்கியது பொறுப்புத் தொகை முறையாகும். ஐந்தாண்டுத் திட்டமொன்றின் இறுதியாண்டில் ஒரு மாநிலத்தில் இத்திட்டத்திற்கு 100 கோடி ரூபாய் தேவைப்பட்டதென வைத்துக்கொண்டால், அடுத்த ஐந்தாண்டுகளிலும் ஆண்டுதோறும் முதல் 100 கோடியை அம்மாநிலமே தன் வருவாயிலிருந்து செலவிட வேண்டும். அதற்கு மேற்பட்டதை மட்டுமே மத்திய அரசு தரும். ஐந்தாண்டு கழிந்ததும் உயர்ந்த தொகை மீண்டும் மாநிலத்தின் தலையில் ஏறும். எந்த மாநிலம் மிகுதியான பட்டியல் சாதி மாணவரைக் கல்லூரிக்குக் கொண்டுவந்ததோ அந்த மாநிலத்தின் சுமையே மிகுதியாயிற்று. கடமையைச் செம்மையாகச் செய்தவருக்கு அபராதம் விதிக்கும் முறையாக அது முடிந்தது.

தமிழ்நாட்டின் அனுபவம் இதற்குத் தக்க சான்று. 2012 செப்டம்பரில் வெளியான 92-ஆம் எண் அரசாணை, சுயநிதிக் கல்லூரிகளிற் பயிலும் ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறிஸ்தவத்திற்கு மதம் மாறிய ஆதிதிராவிடர் ஆகிய மாணவரின் கட்டாயக் கட்டணங்களை அரசே ஏற்கும் என அறிவித்தது. மத்தியத் திட்டத்துக்குப் புறம்பான கிறிஸ்தவ ஆதிதிராவிடரையும் மாநிலம் தன் செலவில் சேர்த்துக்கொண்டது குறிப்பிடத்தக்கது. பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் 2017 மார்ச்சில் முடிவுற்றதும் பொறுப்புத் தொகை பன்மடங்கு உயர, மாநில அரசு மத்திய அரசிடம் நிலுவையைக் கோரியும் பங்கீட்டை மாற்ற வேண்டியும் முறையிட்டது. இதற்கிடையில் 2017 ஆகஸ்டில் வெளியான மற்றோர் ஆணை நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்த மாணவரை அவ்வுதவியினின்றும் விலக்கிற்று. பங்கீட்டுச் சுமை மாணவர்மீது இறங்குவதற்கு நெடுங்காலம் வேண்டியிருக்கவில்லை.

பஞ்சாப் முதலிய மாநிலங்களிலும் கட்டண நிலுவையால் மாணவர் அல்லலுற்றனர். நாடாளுமன்றத்திற் கேள்விகள் எழுந்தன. மாநில அரசுகளும் தலித் இயக்கங்களும் இடைவிடாது வற்புறுத்தின. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை பொறுப்புத் தொகை முறையைக் கைவிட்டு, மத்திய அரசு 60, மாநிலம் 40 என்னும் நிலையான விகிதத்தை ஏற்றது. ஐந்தாண்டுகளுக்கு மதிப்பிட்ட மொத்தச் செலவு 59,048 கோடி ரூபாய்; அதில் மத்தியப் பங்கு 35,534 கோடி.

5. பெற்றதும் பெறாததும்

2021-ஆம் ஆண்டில் வெளியான புதிய நெறிகளின்படி மாநிலம் தன் 40 விழுக்காட்டை முதலில் மாணவரின் வங்கிக் கணக்கிற் செலுத்த வேண்டும். அதன் பின்னரே மத்தியப் பங்கு அதே கணக்கிற்கு வரும். இடைத்தரகும் போலிக் கணக்கும் குறையும் என்பது இதன் நன்மை. ஆனால், முதற் பங்கு தாமதித்தால் இரண்டாம் பங்கும் தாமதிக்கும். கல்லூரி அலுவலகத்திற் கட்டணத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவன் மாணவனே.

பராமரிப்புப் படியின் வரலாறு இன்னும் தெளிவானது. திட்டம் படிப்புகளை வகுத்த பிரிவுகளுள் கடைசிப் பிரிவில், வீட்டிலிருந்து சென்று பயிலும் மாணவருக்கு 2003-இல் மாதம் 140 ரூபாய். 2010-இல் 230 ரூபாய். 2021-இல் ஆண்டுக்கு 2,500 ரூபாய், அதாவது கல்வியாண்டைப் பத்து மாதமெனக் கொண்டால் மாதம் 250 ரூபாய். பதினோராண்டு விலைவாசி உயர்வுக்கு ஈடாகக் கிடைத்தது மாதம் இருபது ரூபாய்! வருமான வரம்பும் 2013-இல் வைத்த இரண்டரை லட்சம் ரூபாயிலேயே 2021-ஆம் ஆண்டு நெறிகளிலும் நின்றது. 2019-இல் வந்த பொருளாதார நலிவுற்றோருக்கான பத்து விழுக்காட்டு ஒதுக்கீட்டிலோ எட்டு லட்சத்துக்குட்பட்ட வருமானமுடைய குடும்பமும் நலிவுற்றதாகக் கொள்ளப்படுகின்றது. 1942-இல் அம்பேத்கர் கையாண்ட ஒப்பீட்டு முறையையே இங்கும் கையாண்டால், இவ்விரு அளவுகோல்களுக்கும் நியாயம் காட்ட வேண்டிய கடமை அரசினுடையதாகும்.

முடிவுரை

பூலே தொடங்கிய வாதம் உதவிக்குரியவரை அடையாளம் காட்டிற்று. சட்டசபை உரைகளும் 1942-ஆம் ஆண்டு மகஜரும் உதவியின் பொருளையும் அளவையும் வரையறுத்தன. 2020-ஆம் ஆண்டு முடிவு நிதிப் பங்கீட்டின் அநீதியை ஒருவாறு நீக்கிற்று. ஆயினும் இவையனைத்தும் திட்டமாகவே நிற்பதால், ஒரு தலைமுறை போராடிப் பெற்றதை மறு தலைமுறை மீண்டும் கேட்டுப் பெற வேண்டியிருக்கின்றது. படித்தொகையையும் வருமான வரம்பையும் விலைவாசியோடு தாமே உயருமாறு பிணைத்து, குறித்த நாளுக்குள் உதவியை வழங்குவதைக் கட்டாயமாக்கி, மத்திய மாநிலப் பங்கீட்டையும் வரையறுக்கும் ஒரு சட்டத்தை நாடாளுமன்றம் இயற்ற வேண்டும். மாணவர் நலம் பேணும் இயக்கங்கள் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினரிடம் இனி வைக்க வேண்டிய முதற் கோரிக்கை இதுவே.