சூளையின் சூட்டை அளந்த குயவர்

பிலாய், ரூர்கேலா, ஜாம்ஷெட்பூர் உருக்காலைகளில் வேலை பார்த்த நம்மவர்களுக்கு 'பைரோமீட்டர்' புதிய சொல் அல்ல. உலை போன்ற மிகுந்த வெப்பத்தை அளக்கும் கருவி அது. ஆனால் அதன் தொடக்க வரலாற்றில் பெரிய இடம் பிடித்தவர் இரும்புக்காரர் அல்ல, ஒரு குயவர் என்பது பலருக்குத் தெரியாது.

பாதரசம் 357 டிகிரி செல்சியசில் கொதித்துவிடும். சாதாரண வெப்பமானியின் எல்லை ஏறக்குறைய அதோடு சரி. ஆகவே 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சூளைக்காரர் துவாரம் வழியே எட்டிப் பார்த்து, தணலின் நிறத்தை வைத்தே சூட்டைக் கணித்தார். கண் ஏமாற்றினால் ஒரு சூளைச் சரக்கும் பாழ்!

ஸ்டாஃபோர்ட்ஷயர் குயவர் ஜோசையா வெட்ஜ்வுட் (1730–1795) இதற்கு வழி தேடினார். சிறு வயதில் வந்த அம்மை அவர் காலைக் கெடுத்தது. 1768-இல் அந்தக் காலையே எடுத்துவிட்டார்கள். மனிதர் அசரவில்லை. களிமண் சுடச்சுடச் சுருங்கும் என்பது குயவர் எல்லோரும் அறிந்ததுதானே? அதையே அவர் அளவுகோலாக்கினார். ஒரே அளவில் செய்த சிறு களிமண் துண்டுகளைச் சூளையில் வைத்து, எடுத்து ஆறவிட்டு, போகப்போகக் குறுகும் பித்தளைப் பள்ளத்தில் தள்ளிப் பார்ப்பார். எவ்வளவு தூரம் உள்ளே போகிறதோ அவ்வளவு சூடு பட்டிருக்கிறது என்று பொருள். மொத்தம் 240 பாகைகள். 1782-இல் இதை ராயல் சொசைட்டியில் வெளியிட்டார். மறு வருஷமே அதன் உறுப்பினரும் ஆனார்.

வம்பு அதன் பிறகுதான். தம் பாகைகளை ஃபாரன்ஹீட்டோடு இணைக்க ஆசைப்பட்டு, ஒரு பாகைக்கு 130 டிகிரி ஃபாரன்ஹீட் என்று கணக்குப் போட்டார். அதன்படி வெள்ளி உருகுவது 4,717 டிகிரியில். உண்மையில் அது சுமார் 1,763. வார்ப்பிரும்புக்கோ 17,977! சரியான அளவு ஏறக்குறைய 2,100-தான். களிமண் ஒரே சீராகச் சுருங்குவதில்லை. சூட்டின் அளவோடு, எவ்வளவு நேரம் சூட்டில் இருந்தது, எந்த மண் என்பதும் சேர்ந்துகொள்ளும். இருந்தும் இந்த எண்கள் பல காலம் புத்தகங்களில் உலவின. பிளாட்டினம் விரிவதை வைத்து அளந்த டேனியல் போன்றோர் 1830 வாக்கில் அவற்றைக் கீழே இறக்கினார்கள்.

என்னைக் கேட்டால், வெட்ஜ்வுட்டின் கருவி தோற்றுவிட்டது என்பது அநியாயம். குயவருக்கு டிகிரி எதற்கு? போன முறை சுட்ட பதம் இந்த முறையும் வந்ததா என்று தெரிந்தால் போதாதா? 1886-இல் ஜெர்மனியில் சேகர் செய்த களிமண் கூம்புகளும் இதே கொள்கைதான். தக்க பதம் வந்ததும் கூம்பு தலைசாயும். அந்த வகைக் கூம்புகள் இன்றும் சூளைகளில் நிற்கின்றன.

அதே 1880-களில் பிரான்சில் லெ ஷாட்டலியே பிளாட்டினம்–ரோடியம் கம்பிகளால் மின் வழியே வெப்பம் அளந்தார். 1901-இல் ஜெர்மனியின் ஹோல்போர்னும் குர்ல்பாமும் உலையைத் தொடாமலே அளந்தார்கள். குழாய் வழியே உலையைப் பார்த்தால் நடுவில் விளக்கின் மெல்லிய இழை ஒன்று தெரியும். மின்சாரத்தைக் கூட்டிக் குறைத்து, இழை உலையின் ஒளியிலேயே மறையும்படி செய்து, அந்த மின்சார அளவைக் கொண்டு வெப்பத்தைச் சொல்லிவிடலாம். மறுபடியும் கண்தான்! ஆனால் இந்த முறை அதனிடம் கேட்கப்பட்டது ஒன்றே: இழை தெரிகிறதா, இல்லையா?