பணியிடக் காயமும் தொழில்சார் நோயும்: இழப்பீடு பெறும் வழிமுறைகள்

வேலை செய்யும்போதும் வேலையின் காரணமாகவும் ஏற்படும் காயம், நோய், மரணம் ஆகியவற்றுக்கு இழப்பீடு பெறுவது தொழிலாளரின் சட்ட உரிமையாகும். அது முதலாளியின் கருணையைப் பொறுத்ததன்று. 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் அளித்த இவ்வுரிமை, 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் தொடர்கிறது. திருத்தணி, அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை பகுதிகளின் விசைத்தறி, கட்டடத் தொழிலாளர்கள் இதனை அறிந்திருத்தல் அவசியம்.

யாருக்கு எத்திட்டம்?

பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனத்தில் மாதம் ரூ.21,000 வரை ஊதியம் பெறுவோர் பொதுவாக ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் வருவர். பணிக்காயத்தால் வேலைக்குச் செல்ல இயலாத நாட்களுக்கு, சராசரித் தினக்கூலியில் 90 விழுக்காட்டை ஈ.எஸ்.ஐ. வழங்கும். ஈ.எஸ்.ஐ.யில் இல்லாதோருக்கு முதலாளியே இழப்பீடு தர வேண்டும். ஒப்பந்ததாரர் மூலம் வேலைக்கு வந்தவர், மூல நிறுவனத்திடமும் கோரலாம். சொந்தத் தறி வைத்து முதலாளி இன்றி உழைப்போர், நல வாரியத்தில் பதிவு செய்திருப்பின் அதன் விபத்து உதவியை நாடலாம்.

நோய்களும் அடங்கும்

பருத்தித் தூசியால் வரும் நுரையீரல் நோய், இரைச்சலால் ஏற்படும் செவித்திறன் இழப்பு, கல் தூசியால் வரும் சிலிக்கோசிஸ் ஆகியவை தொழில்சார் நோய்ப் பட்டியலில் உள்ளன. இவை பல ஆண்டுகள் கழித்தே வெளிப்படக்கூடும். ஆகவே மருத்துவரிடம் இப்போதைய வேலையை மட்டுமன்றி முன்பு செய்த வேலைகளையும், அவற்றைச் செய்த ஆண்டுகளையும் கூறுங்கள்.

மருத்துவமனையில் செய்ய வேண்டியவை

• எங்கே, எப்போது, எந்த வேலையின்போது காயம் ஏற்பட்டது என்பதை உள்ளபடி கூறுங்கள். “வீட்டில் விழுந்ததாகச் சொல்” என்று பிறர் வற்புறுத்தினாலும் இணங்காதீர்கள். முதல் நாள் பதிவே பின்னர் முதன்மைச் சான்றாகும்.
• விபத்துப் பதிவேட்டில் பதியச் செய்து, அதன் நகலைக் கேட்டுப் பெறுங்கள்.
• புறநோயாளிச் சீட்டு, எக்ஸ்ரே, மருந்து ரசீது, விடுவிப்புச் சுருக்கம் ஆகியவற்றைப் பாதுகாத்திடுங்கள். மருத்துவச் செலவையும் கோரலாம்.
• சிகிச்சை முடிந்தபின் உடல் இயலாமைச் சான்று பெறுங்கள்.

தொகை எவ்வாறு கணக்கிடப்படுகிறது?

நிரந்தர முழு இயலாமைக்கு மாத ஊதியத்தின் 60 விழுக்காட்டை, மரணத்துக்கு 50 விழுக்காட்டை, வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டும். 40 வயதுக்கு அக்காரணி 184.17. மாத ஊதியம் ரூ.12,000 எனில், முழு இயலாமைக்கு ரூ.13,26,024 கிடைக்கும். ஒரு கட்டைவிரலை இழந்தால் வருவாய்த் திறன் இழப்பு 30 விழுக்காடு. அதற்கு ஏறத்தாழ ரூ.3,97,807 ஆகும்.

செய்துவந்த தொழிலும் கணக்கில் கொள்ளப்படும். இடது கையை முழங்கைக்கு மேல் இழந்த தச்சர் ஒருவர், ஒரு கையால் தச்சுவேலை செய்ய இயலாது என்பதால் அதனை முழு இயலாமையாகவே உச்ச நீதிமன்றம் 1975-இல் ஏற்றது.

ஆந்திரத்தில் விபத்து நேர்ந்தால்?

நகரி, புத்தூர் எனப் பலர் எல்லை கடந்து வேலைக்குச் செல்கின்றனர். விபத்து ஆந்திரத்தில் நேர்ந்தாலும், தொழிலாளர் அல்லது அவரைச் சார்ந்தோர் தாம் வசிக்கும் பகுதிக்குரிய தமிழ்நாட்டுத் தொழிலாளர் துறை அதிகாரியிடமே கோரிக்கை மனு அளிக்கலாம். முதலில் சிகிச்சை அளித்த மருத்துவமனையின் ஆவணங்களை அங்கிருந்து புறப்படும் முன்பே பெற்றுக்கொள்ளுங்கள்.

கவனத்தில் கொள்க

• விபத்தை முதலாளிக்கு எழுத்து மூலம் உடனே தெரிவியுங்கள். விபத்து அல்லது மரணம் நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு அளிக்க வேண்டும்.
• இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கப்படும் ஒப்பந்தம் செல்லாது.
• குடிபோதையிலோ, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியோ ஏற்பட்ட காயத்துக்கு இழப்பீடு மறுக்கப்படலாம். மரணத்துக்கும் நிரந்தர முழு இயலாமைக்கும் இவ்விலக்கு பொருந்தாது.
• வழக்கறிஞர் உதவி தேவைப்படுவோர் வட்டச் சட்டப் பணிகள் குழுவை அணுகலாம்; இலவசச் சட்ட உதவி எண் 15100.

உயிருக்கு ஆபத்தான காயமெனில் 108-ஐ அழைத்து முதலில் சிகிச்சை பெறுங்கள். நோயாளி பேச இயலாத நிலையில் இருந்தால், உடன் வரும் உறவினரோ சக தொழிலாளரோ விபத்தின் விவரங்களை மருத்துவரிடம் கூறிப் பதியச் செய்ய வேண்டும்.