வீட்டு வாசல் ஓரக்கல்லை யாரைக் கேட்டு இறக்குவது?

இங்கிலாந்தில் வீடு வாங்கின நம்மூர்க்காரங்க யாரையாவது கேட்டுப் பாருங்க. கார் வாங்கினதை விட, அதை வீட்டு முன்வாசல்ல ஏத்த அனுமதி வாங்கினதுதான் பெரிய கதையா இருக்கும். அதுக்குப் பேர் 'டிராப்டு கெர்ப்'. பிளாட்பாரத்தோட விளிம்புல இருக்கிற ஓரக்கல்லைத் தாழ்த்தி, ரோட்டுல இருந்து சரிவு போடுறது. (நம்மூர்ல பலர் இதை ஒரு மூட்டை சிமென்ட்ல முடிச்சுடுவாங்க. அது வேற த்ரெட்.)

எதுக்கு இவ்வளவு கெடுபிடி? வீடு உங்களுது, கேட் உங்களுது. கேட்டுக்கு வெளியே இருக்கிற நடைபாதை ஊருக்குப் பொது. நடைபாதை மேல வண்டி ஓட்டுறது குற்றம்னு 1835 நெடுஞ்சாலைச் சட்டத்தோட 72வது பிரிவு சொல்லுது. குதிரை வண்டிக் காலத்துச் சட்டம், இன்னிக்கும் அமல்ல இருக்கு.

அதைத் தாண்டி காரை உள்ளே கொண்டுபோக வழி சொல்றது 1980 நெடுஞ்சாலைச் சட்டத்தோட 184வது பிரிவு. கவுன்சிலுக்கு விண்ணப்பம் போடணும். முன்வாசல்ல கார் முழுசா நிக்குமா, தெருமுனை ரொம்பப் பக்கமா, மரம் இருக்கா, அடியில பைப் போகுதான்னு பார்ப்பாங்க. முக்கியமான சாலைன்னா திட்ட அனுமதி தனியா வாங்கணும். செலவு நம்மளோடது, ஆனா கல் நமக்குச் சொந்தமாகாது. அனுமதி இல்லாம தினமும் ஏத்தி இறக்கினா, கவுன்சிலே நோட்டீஸ் கொடுத்து சரிவு போட்டு, அந்தச் செலவை நம்ம தலையில கட்டலாம்.

ஆக, காருக்குன்னு ஒரு பிரிவு, ஒரு படிவம், ஒரு ரசீது.

வீல்சேர்ல போறவங்களுக்கு? 1981ல ஒரு திருத்தம் வந்து 175ஏ பிரிவு சேர்ந்தது. சாலைப் பணி செய்யும்போது, ரோட்டுக்கும் நடைபாதைக்கும் நடுவுல சரிவு அமைக்கிறது பத்தி மாற்றுத்திறனாளிகளோட தேவையைக் 'கருத்தில் கொள்ளணும்'. அரசு வேலையில இருக்கிற எல்லாருக்கும் இந்த வார்த்தையோட எடை தெரியும்.

இதுல ஒரு கணக்கு இருக்கு. காருக்கு ஒரே ஒரு சரிவு போதும், சொந்த வாசல்ல. வீல்சேருக்கு வாசல்ல மட்டும் இருந்தா பத்தாது. மருந்துக்கடை வரைக்கும் ஒவ்வொரு தெருமுனையிலும், ரோட்டோட ரெண்டு பக்கமும் வேணும். நடுவுல ஒண்ணு இல்லைன்னாலும் பயணம் அங்கேயே முடிஞ்சது. தனி மனுஷன் படிவம் போட்டுத் தீர்க்கிற விஷயம் இல்ல இது.

உயரத்தையும் பாருங்க. அங்கே கார் ஏறுற சரிவுல சுமார் 25 மி.மீ. விளிம்பு விட்டு வைக்கிறது வழக்கம். கார் டயருக்கு அது ஒண்ணுமே இல்ல. வீல்சேரோட குட்டி முன்சக்கரத்துக்கு அது சுவர். அதனாலதான் நடக்கிறவங்க ரோட்டைக் கடக்கிற இடத்துல 6 மி.மீ.க்கு மேல விடக்கூடாதுன்னு வழிகாட்டுதல் வந்தது.

இந்தக் கோரிக்கையை ஆரம்ப காலத்துலயே அரசு முன்னால வச்சவர்களில் ஒருத்தர் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துல, கலமசூ ஊர்ல இருந்த வக்கீல் ஜாக் ஃபிஷர். ராணுவப் பணியில காயம்பட்டவர். பக்கத்து ஊர்ல கை, கால் இழந்த வீரர்களுக்கான பெர்சி ஜோன்ஸ் ராணுவ மருத்துவமனை இருந்தது. அங்கே சிகிச்சை முடிஞ்சவங்க கடைத்தெருவுக்கு வந்தா ஓரக்கல் தடுக்குது. செயற்கைக் கால் பொருத்தி அனுப்பினவங்களோட வேலை அந்தக் கல்லுல போய் நின்னுடுச்சு. 1945ல ஃபிஷர் நகர ஆணையத்துகிட்ட மனு கொடுத்தார். சோதனை முயற்சியா சில தெருமுனைகள்ல கல்லை வெட்டிச் சரிவு போட்டாங்க.

அடுத்தது கலிஃபோர்னியாவின் பெர்க்லி. எட் ராபர்ட்ஸுக்கு 14 வயசுல, 1953ல, போலியோ. கழுத்துக்குக் கீழே பெரும்பாலும் செயலிழந்து போச்சு. (தடுப்பூசி புழக்கத்துக்கு வந்தது 1955ல. ரெண்டே வருஷம்.) 1962ல பல்கலைக்கழகத்துல சேர்ந்தார். அவர் மூச்சுக்கு நம்பியிருந்த 'இரும்பு நுரையீரல்' கிட்டத்தட்ட 360 கிலோ. அதைத் தாங்குற விடுதி இல்லாததால, வளாகத்துல இருந்த கவல் மருத்துவமனையில தங்க வச்சாங்க. படிக்க வந்த பையன் நோயாளியா இல்லாமலே வார்டுல குடியிருந்தான். அவனைப் பார்த்து இன்னும் சிலர் அங்கேயே வந்து சேர்ந்தாங்க. தங்களுக்கு 'ரோலிங் குவாட்ஸ்'னு பேர் வச்சுக்கிட்டு நகராட்சியோட கதவைத் தட்டினாங்க. வணிகப் பகுதிச் சாலைகளும் நடைபாதைகளும் மாற்றுத்திறனாளிகள் போய்வர ஏத்த மாதிரி இருக்கணும்னு 1971 செப்டம்பர்ல பெர்க்லி நகர மன்றம் தீர்மானம் போட்டது. ராத்திரியோட ராத்திரியா சுத்தியலால கல்லை உடைச்சாங்கன்னு ஒரு வீரக்கதை சுத்திட்டு இருக்கு. மாத்தினது பெரும்பாலும் மனுவும் கூட்டமும்தான்.

ஆனா ஒருத்தருக்கு மருந்தா இருக்கிறது இன்னொருத்தருக்குப் பக்கவிளைவு. பார்வையில்லாதவங்க வெள்ளைக்கோலால அந்தக் கல் விளிம்பைத் தட்டித்தான் 'இதோட பிளாட்பாரம் முடியுது'ன்னு தெரிஞ்சுக்குவாங்க. விளிம்பை எடுத்துட்டா, தெரியாமலே ரோட்டுல இறங்கிடுவாங்க. இதுக்கு விடை கிடைச்சது ஜப்பான்ல இருந்து. செய்யிச்சி மியாகே 1965ல உருவாக்கின, புள்ளி புள்ளியா புடைச்ச தரைக்கல். 1967ல ஒகயாமா நகர்ல பார்வையற்றோர் பள்ளி பக்கத்துல முதல்ல பதிச்சாங்க.

இங்கிலாந்துல இப்போ நடக்கிறவங்க கடக்கிற சரிவுல அந்தப் புள்ளிக்கல் பதிக்கிறாங்க. வீட்டுக்குக் கார் போற சரிவுல பதிக்கக் கூடாது. பதிச்சா, இது ரோட்டைக் கடக்கிற இடம்னு நினைச்சு ஒருத்தர் இறங்கிடுவார். பார்க்கிறவங்களுக்கு ரெண்டு சரிவும் ஒண்ணு மாதிரிதான் தெரியும். எது மனுஷனுக்கு, எது காருக்குன்னு அங்கே பார்வையில்லாதவர் செருப்பு வழியாவே கண்டுபிடிச்சுடுவார்.